இந்த வெயிலில் யார் நடக்கப்போகிறார்கள்?

முகவைவாசி கேட்டது, 2025 ஜூன் 7, காலை

ராமநாதபுரத்திலும் ராமேஸ்வரத்திலும் நடைபாதை போடு, சைக்கிள் பாதை போடு என்று ஆளாளுக்கு மனு கொடுக்கிறார்கள். சென்னை பாண்டி பஜாரில் போட்டார்கள், சரி. அங்கே கடை கடையாக ஏறி இறங்குகிற கூட்டம் உண்டு. இங்கே பத்து மணிக்கு மேல் தாரில் கால் வைக்க முடியுமா? வீட்டுக்கு வீடு ஸ்கூட்டி நிற்கிறது. அந்தப் பணத்தில் வண்டி நிறுத்த இடம் கட்டினால் ஊருக்கே புண்ணியம். நான் கேட்பது தவறா?

உச்சிப்புளி டீச்சர், ஜூன் 7, இரவு

யார் நடக்கிறார்கள் என்று சொல்கிறேன் தம்பி. பாம்பனிலும் மண்டபத்திலும் விடியுமுன்னே மீன் எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு வருகிற பெண்கள். சின்னப்பாலத்தில் பாசி எடுக்கக் கடலுக்குப் போகிறவர்கள். தேவிபட்டினத்தில் நவபாஷாணம் சுற்றிவிட்டு பஸ் ஏற வருகிற வயசாளிகள். ஏர்வாடி தர்காவுக்கு நோயாளியைக் கைத்தாங்கலாக அழைத்து வருகிற குடும்பங்கள். எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்.

வீட்டில் ஸ்கூட்டி நிற்கிறது, உண்மை. பகலில் அது யாரோடு போகிறது என்று பாருங்கள். வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு போனபின் மனைவியும் மாமியாரும் பிள்ளையும் நடைதான். வெயிலைக் காட்டி நடைபாதையைத் தள்ளிவிட்டால் இவர்கள் நடப்பதை விட்டுவிடப் போவதில்லை. வெயிலிலேயே, வண்டிகளுக்கு நடுவிலேயே நடப்பார்கள்.

ஜூன் 9

“சைக்கிளை விடுங்க டீச்சர், அரசாங்கம் கொடுத்ததே துருப்பிடிச்சுக் கிடக்குது” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். நான் பதினோராம் வகுப்பு எடுக்கிறேன். வருஷா வருஷம் அந்தச் சைக்கிள்கள் லாரியில் வந்து இறங்குவதையும், பெண் பிள்ளைகள் சீட்டிலிருந்து பாலித்தீனைப் பிய்க்காமலே ஓட்டிப்போவதையும் பார்க்கிறவள்.

தமிழ்நாட்டில் இது 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கியது. பிறகு 2005-06இல் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி மாணவ மாணவியர் எல்லோருக்கும் வந்தது. பிஹாரில் 2006இல் பெண் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுத்தார்கள். அதை கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் அளவு 30 சதவீதத்துக்கு மேல் கூடியது, ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது என்று கண்டார்கள். பள்ளிக்கூடம் 3 கிலோமீட்டரும் அதற்கு மேலும் தள்ளியிருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். நம் கரையோரம் அப்படியே அந்தக் கணக்குதான். இருமேனி, அரியமான் பக்கத்துப் பிள்ளைகள் பலரும் மேல்நிலைப் பள்ளிக்கு மெயின் ரோட்டுக்கு வர வேண்டியிருக்கிறது.

இன்னும் பழைய கதை பக்கத்து மாவட்டத்தில் இருக்கிறது. தொண்டியைத் தாண்டி வடக்கே போனால் புதுக்கோட்டை எல்லை. அங்கே 1991-92இல் எழுத்தறிவு கற்றுத்தருகிற அறிவொளி இயக்கம் நடந்தபோது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டப் பழக்குவதையும் அதோடு சேர்த்தார். கல் உடைக்கிற பெண்கள், வயல் வேலைக்குப் போகிற பெண்கள் ஆயிரக்கணக்கில் மைதானத்துக்கு வந்து கற்றுக்கொண்டார்கள். தண்ணீர் எடுக்கவும் சந்தைக்குப் போகவும் பஸ்ஸையும் புருஷனையும் எதிர்பார்ப்பது அவர்களுக்குக் குறைந்தது.

அப்படியிருக்க நம் சைக்கிள்கள் ஏன் துருப்பிடிக்கின்றன? சோம்பல் என்று சொல்லாதீர்கள். நான் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். முதல் பதில் முள். இரண்டாவது உப்புக்காற்று. மூன்றாவது பதிலைச் சொல்லும்போது மட்டும் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மெயின் ரோட்டைக் கடக்கப் பயம். “அப்பா வேணாம்னுட்டாங்க மிஸ்.” வாங்கிக்கொடுத்த சைக்கிள் முற்றத்தில் நிற்பதற்கு இந்த மூன்றுமே காரணம். முதல் இரண்டுக்கு வீட்டிலேயே வழி உண்டு. மூன்றாவதுக்கு ஊர்தான் வழி சொல்ல வேண்டும்.

ஜூன் 10

முள்ளுக்கு வழி கேட்டவர்களுக்கு. சீமைக்கருவை முள் டயரையும் டியூபையும் ஒரே குத்தில் துளைத்துவிடும். எங்கள் ஊர் சைக்கிள் கடைக்காரர் பழைய டியூபை நெடுக அறுத்து டயருக்கும் புது டியூபுக்கும் நடுவில் வைத்துக் கொடுக்கிறார். வண்டி கொஞ்சம் கனக்கும், ஆனால் பஞ்சர் பாதியாகக் குறைகிறது. துருவுக்குப் பிள்ளைகள் மீன்பிடிப் படகிலிருந்து கழிவு ஆயிலைக் கொண்டுவந்து செயினில் ஊற்றுகிறார்கள்.

ஜூன் 11

கழிவு ஆயில் வேண்டாம் என்று பாம்பனிலிருந்து ஓர் அண்ணன் திருத்தியிருக்கிறார், அவர் சொல்வது சரி. ஆயிலில் கடற்கரை மணல் அப்பிக்கொண்டு செயினை ராவிவிடும். மெழுகுவத்தியை உருக்கி, செயினைக் கழற்றிக் கழுவிக் காயவைத்து, அதில் முக்கி எடுத்தால் மணல் ஒட்டாது என்கிறார். வகுப்பில் சொன்னேன். உடனே ஒரு பிள்ளை, “மிஸ், சர்ச்சில மெழுகுவத்தி எடுத்தா பாவமா?” என்று கேட்டது. எரிந்து முடிந்த அடிக்கட்டையை உபதேசியாரிடம் கேட்டு வாங்கிக்கொள் என்றேன்.

ஜூன் 15

முகவைவாசி மறுபடி வந்திருக்கிறார். “ஹாலந்துக் கதையெல்லாம் சொல்லாதீங்க, அங்கே குளிர்” என்கிறார். நான் இன்னும் சொல்லவே இல்லை. கேட்டதனால் சொல்கிறேன்.

நெதர்லாந்தும் நம் கரையைப்போலத் தட்டை நிலம், கடல் மட்டத்தில் கிடக்கிற நிலம். காற்றும் அப்படித்தான். அங்கே எதிர்காற்றில் சைக்கிள் ஓட்டுவதற்கென்றே தேசியப் போட்டி வைக்கிறார்கள். ஓஸ்டர்ஸ்கெல்டே என்ற கடல் தடுப்பணை மேல், புயல் காற்று வீசும் நாளாகப் பார்த்து, கியர் இல்லாத சாதா சைக்கிளில் எட்டரை கிலோமீட்டர். படித்தவுடன் எனக்குப் பாம்பன் பாலம்தான் ஞாபகம் வந்தது. ஆனி, ஆடியில் கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கும்போது மண்டபத்திலிருந்து மேற்கே வருகிற பிள்ளை மிதிப்பதைப் பார்த்தால் அந்தக் கோப்பையை இங்கேயே கொடுத்துவிடலாம். வாடை காலத்தில் கிழக்கே போகிறவர்களுக்கு அதே பாடு.

ஆனால் அந்த நாட்டுக்காரர்கள் பிறவியிலேயே சைக்கிள்காரர்கள் என்று நினைக்க வேண்டாம். 1950, 60களில் அவர்களும் கார் வாங்கினார்கள், தெருவை அகலப்படுத்தினார்கள். 1971இல் மட்டும் அங்கே சாலையில் இறந்தவர்கள் சுமார் 3,300 பேர், அதில் 400க்கு மேல் குழந்தைகள். குழந்தைகளைக் கொல்வதை நிறுத்துங்கள் என்று தாய் தகப்பன்மார் தெருவில் இறங்கினார்கள். அப்புறம் வந்தவைதான் இன்றைக்கு நாம் படத்தில் பார்க்கிற பாதைகள். குளிர் அதற்குக் காரணமில்லை.

ஜூன் 16

பாம்பன் பாலத்தைச் சொன்னதும் ஆளுக்கொரு கதை எழுதிவிட்டீர்கள். 1988 அக்டோபர் 2இல் சாலைப் பாலம் திறக்கும்வரை தீவுக்கு ரயில்தான், இல்லையென்றால் படகு. இப்போது இரண்டே கால் கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள அந்தப் பாலத்தில் சுற்றுலா வண்டிகள் நடுவில் நின்று, ஆட்கள் இறங்கி ரயில் பாலத்தைப் படம் பிடிக்கிறார்கள். ஏப்ரலில் புதிய ரயில் பாலம் திறந்தபிறகு கூட்டம் இரண்டு மடங்கு ஆனமாதிரி இருக்கிறது. ஓரத்தில் இருக்கிற ஒடுங்கின நடைபாதையில் அவர்கள் நின்றுகொண்டால், மீன் கூடையோடு வருகிற பெண் தார்ச் சாலையில் இறங்கி நடக்கிறாள். சைக்கிள்காரர் இறங்கித் தள்ளுகிறார். பழைய ரயில் பாலத்தில் காற்று 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள், அதற்கென்று கருவியே இருந்தது. பக்கத்துப் பாலத்தில் சைக்கிளோடு போராடுகிற மனுசனுக்கும் அதே காற்றுதானே?

பாலத்துக்கு இரண்டு முனையிலும் வண்டி நிறுத்த இடம் வைத்து, பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அங்கிருந்து நடந்து வரட்டும். முகவைவாசி கேட்கிற வண்டி நிறுத்துமிடத்தை இந்த ஓர் இடத்தில் நானும் கேட்கிறேன்.

ஜூலை 2

நேற்று ஒன்றிய அமைச்சரவை பரமக்குடி – ராமநாதபுரம் நான்கு வழிச்சாலைக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டது. 46.7 கிலோமீட்டர், 1,853 கோடி ரூபாய். வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே வாழ்த்து. எனக்கும் சந்தோஷம்தான். மதுரை ஆஸ்பத்திரிக்கு அவசரமாக ஆளைக் கொண்டுபோன யாரும் அந்த ரோட்டை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

ஆனால் சத்திரக்குடியில், அச்சுந்தன்வயலில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வயல், இந்தப் பக்கம் வீடு வைத்திருப்பவர்கள் எப்படிக் கடப்பார்கள் என்ற கேள்வியை இப்போதே கேட்க வேண்டும். கான்கிரீட் போட்டபிறகு கேட்டால், நடுவில் தடுப்பு வைத்திருக்கிறோம், இரண்டு கிலோமீட்டர் தள்ளிப்போய்த் திரும்பி வாருங்கள் என்பார்கள். ஆடு மேய்க்கிறவர் இரண்டு கிலோமீட்டர் சுற்றுவாரா? தடுப்பைத் தாண்டுவார். அடிபட்டால், குறுக்கே ஓடினார் என்று மறுநாள் பேப்பரில் வரும். நடந்து போகிறவர்களுக்கும் சைக்கிளுக்கும் மாட்டுக்கும் ரோட்டுக்கு அடியில் வழி வேண்டும், அது அவர்கள் இன்றைக்குக் கடக்கிற இடத்திலேயே வேண்டும். மேலே ஏறி இறங்குகிற நடைமேம்பாலம் வேண்டாம். தலையில் சுமையோடு யாரும் அதில் ஏறுவதில்லை.

ஜூலை 3

நேற்று எழுதியதற்கு, “அப்ப ரோடே வேணாமா?” என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். முதல் பத்தியை மறுபடி படியுங்கள்.

ஜூலை 6

வேகம் பற்றி ஒரே ஒரு விஷயம். 2018இல் ஒன்றிய அரசு வெளியிட்ட அறிவிப்பில் நகராட்சி எல்லைக்குள் கார் 70, இருசக்கர வண்டி 60 கிலோமீட்டர்வரை போகலாம் என்றிருந்தது. இது உச்ச அளவு. உள்ளூரில் இதைக் குறைக்க அதிகாரம் உண்டு. ஆட்கள் நடமாடும் தெருவில் 30 போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வேகம் இரண்டு மடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்கு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகூட இதைக் கணக்குப் போட்டுச் சொல்லும். ராமநாதபுரம் கேணிக்கரையிலோ அரண்மனை வாசலிலோ 60இல் போக இடமே இல்லை என்று சிரிக்கிறீர்கள். பகலில் இல்லை. அதிகாலை நாலரைக்கு ராமேஸ்வரம் போகிற வேன்கள் வரும்போது நின்று பாருங்கள்.

ஜூலை 12

நடைபாதை எப்படி இருக்க வேண்டும் என்று கேட்ட கல்லூரித் தம்பிக்கு. சாலைக்கு அளவு வகுக்கிற அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012இல் போட்ட வழிகாட்டுதல் இருக்கிறது. தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம், கடைத்தெருவில் 2.5 மீட்டர், தரையிலிருந்து உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் கூடாது. நம் ஊர்களில் நடைபாதை என்பது சாக்கடை மேல் மூடிய சிலாப். முழங்கால் உயரத்துக்கு ஏறி, பத்தடி நடந்தால் டிரான்ஸ்பார்மர், அப்புறம் கடைப் படிக்கட்டு, அப்புறம் சிலாப் உடைந்த பள்ளம். ஒரு கரையோர ஊரில் என் சித்தி அப்படி ஒரு பள்ளத்தில் கால் விட்டுக் கணுக்கால் எலும்பு முறிந்து படுத்தார். சுகமானபிறகும் இன்றுவரை அவர் தார் ரோட்டு ஓரத்தில்தான் நடக்கிறார், சிலாப் மேல் ஏறுவதே இல்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடந்த மே 14இல் உச்ச நீதிமன்றம் தடையில்லாத நடைபாதையில் நடக்கும் உரிமை அரசமைப்பின் 21ஆவது பிரிவு தருகிற வாழ்வுரிமையில் அடங்கியது என்று சொல்லிவிட்டது, மாற்றுத்திறனாளிகளும் நடக்கும்படி இருக்க வேண்டும் என்றும் சேர்த்தே சொன்னது. மனு எழுதுகிறவர்கள் இதை முதல் வரியிலேயே போடுங்கள்.

ஜூலை 25

நேற்று ஆடி அமாவாசை. மாமியாரைக் கூட்டிக்கொண்டு ராமேஸ்வரம் போய்வந்தேன். மாமனாருக்குத் திதி. மாமியாருக்கு மூட்டுவலி. வேனை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள், அது நல்லது. கோயிலைச் சுற்றி வண்டி இல்லாததால் அத்தனை ஜனமும் மோதாமல் நடந்தது. ஆனால் அங்கிருந்து அக்னி தீர்த்தம்வரை நிழல் கிடையாது, உட்கார ஒரு திண்டு கிடையாது. நாலு தடவை ஏதோ ஒரு கடையின் படியில் உட்கார வைத்தேன். கடைக்காரர்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஒருவர் மோர் கொடுத்தார்.

தீர்த்தமாடி, ஈரத்தோடு உள்ளே போய் மூன்றாம் பிரகாரத்தில் கால் வைத்ததும் அதே மாமியார் என் கையை விட்டுவிட்டு நடந்தார். சுற்று முழுக்க நடந்தார். எங்கும் உட்காரவில்லை. நான் பின்னாலேயே போகும்போது இதையே யோசித்துக்கொண்டு போனேன். தட்டையான தரை. மேலே கூரை. இருபுறமும் தூண் வரிசை, 1212 தூண்கள் என்று கணக்கு. குறுக்கே எதுவும் இல்லை, தொடங்கின இடத்திலிருந்து முடிகிற இடம்வரை ஒரே சீர். 18ஆம் நூற்றாண்டில் முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் கட்டி முடித்தது. இந்த மண்ணின் வெயிலும் உப்பும் தெரிந்தவர்கள், வெகுதூரம் நடந்து வந்தவர்களுக்காகக் கட்டியது. ராமேஸ்வரத்துக்கு யாத்திரை வருகிற பழைய சாலையான சேது ரஸ்தா நெடுகச் சத்திரங்கள் இருந்தன. நடந்து வருகிறவனுக்கு இவ்வளவு தூரத்துக்கு ஒரு நிழல், ஒரு கிணறு, படுக்க ஒரு இடம் என்று போட்டு வைத்திருந்தார்கள். நடப்பவர்களுக்குப் பாதை போடுவது எப்படி என்று நாம் வெளியூரில் போய்ப் படிக்க வேண்டியதில்லை. ரத வீதியில் பிரகாரம் கட்டச் சொல்லவில்லை. நிழல், தட்டைத் தரை, தொடர்ச்சி, உட்கார இடம். இந்த நாலை மட்டும் வெளியே கொண்டுவரச் சொல்கிறேன்.

ஜூலை 27

“முதல்ல ரோட்டோரக் கடைகளைத் தூக்கணும் டீச்சர், அப்புறம் நடைபாதை தானா வரும்.” இதை எழுதியவருக்கு என் பதில்: வேண்டாம். இரவு எட்டு மணிக்கு ட்யூஷன் முடிந்து வருகிற பெண் பிள்ளை பணியாரக் கடை விளக்கு இருக்கிற பக்கமாகத்தான் வருகிறாள். கடை இல்லாத பக்கம் அவளுக்குப் பயம். மீன்காரி, பனங்கிழங்கு விற்கிற பாட்டி, நுங்கு வண்டிக்காரர் இவர்களெல்லாம் தெருவின் கண்கள். 2014இன் தெரு வியாபாரிகள் சட்டப்படி ஊர் மக்கள்தொகையில் இரண்டரை சதவீதம்வரை வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும், அவர்களும் உட்காருகிற குழு போட்டுத்தான் இடம் முடிவு செய்ய வேண்டும். 2.5 மீட்டரை நடக்க விட்டுவிட்டு மிச்சத்தில் அவர்கள் இருக்கட்டும். நடைபாதையில் ஏறி நிற்கிற கார்களைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லையே?

ஜூலை 28

மேலே எழுதியதை ராத்திரி யோசித்துப் பார்த்தேன். இடம் குறுகலான ராமநாதபுரம் சாலைத் தெரு மாதிரி இடங்களில் 2.5 மீட்டரும் கிடைக்காது, வியாபாரிக்கும் இடம் கிடைக்காது. அங்கே காலையும் மாலையும் சில மணி நேரம் வண்டியையே நிறுத்திவிட்டால் என்ன? சரக்கு இறக்குகிறவர்கள் மதியம் இறக்கலாம். ஜவுளிக்கடைக்காரர்கள் முதலில் எதிர்ப்பார்கள். நடந்து வருகிறவர்கள்தான் கடைக்குள் ஏறுகிறார்கள் என்பது ஒரு தீபாவளியில் அவர்களுக்கே தெரிந்துவிடும்.

ஆகஸ்ட் 3

கீழக்கரையிலிருந்து ஒரு காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) எழுதியிருப்பதை எல்லோரும் படியுங்கள். பழைய தெருக்கள் குறுகலாக இருப்பதால்தான் நண்பகலிலும் ஒரு பக்கச் சுவர் நிழல் கிடைக்கிறது, பெண்கள் வீட்டுக்கு வீடு நிழலிலேயே போய்வருகிறார்கள், இப்போது புல்லட்டில் வருகிற பையன்களால்தான் தொல்லை என்கிறார். தெருவை அகலப்படுத்தச் சொல்லி மனு கொடுக்க இருந்தவர்களைத் தடுத்தாராம். அகலப்படுத்தினால் நிழல் போகும், வேகம் வரும். நான் இந்தக் கோணத்தில் யோசித்ததே இல்லை காக்கா. அந்தத் தெருக்களின் வாயில் ஒரு கல்தூண் நட்டுச் சைக்கிளும் ஆளும் மட்டும் நுழைய விடலாம். ஆம்புலன்ஸ் வந்தால் எடுக்கிற மாதிரி இருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 16

நேற்று கிராம சபை. எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் அம்மாமார் கொஞ்சப் பேர் சேர்ந்து போனோம். மூன்று தீர்மானம் கொண்டுபோனோம், இரண்டு நிறைவேறியது. கடற்கரை ஊரிலிருந்து பள்ளிக்கு வருகிற ரோட்டின் இருபுறமும் சீமைக்கருவையை வேரோடு எடுப்பது. அந்த இடத்தில் நூறுநாள் வேலையில் மரம் நட்டுப் பராமரிப்பது. மெயின் ரோட்டில் பள்ளி எதிரே வேகத்தைக் குறைக்க ஏற்பாடு செய்வது என்பது மூன்றாவது; அது நெடுஞ்சாலைத் துறை சம்பந்தப்பட்டது, சபையில் தீர்மானம் போட முடியாது என்றார்கள். கலெக்டருக்குப் பரிந்துரையாகவாவது போடுங்கள் என்று கேட்டோம். அக்டோபர் 2 சபையில் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். விடப்போவதில்லை.

“வெட்டிய இடத்தில் பத்தே மாதத்தில் கருவை மறுபடி நிற்கும்” என்று முகவைவாசி எழுதியிருக்கிறார். மேலே வெட்டினால் நிற்கும். அதனால்தான் வேரோடு என்று எழுதச் சொன்னோம். எடுத்த இடத்தில் வேறு நிழல் வந்துவிட்டால் கருவைக் கன்று தலையெடுக்காது, அதற்கு நல்ல வெயில் வேண்டும்.

ஆகஸ்ட் 17

என்ன மரம் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். கடலை ஒட்டின பகுதிக்குப் பூவரசு, புங்கை, புன்னை. உப்புக்காற்றைத் தாங்கும். உள்ளே தள்ளி வேம்பு. கொன்றை அழகுதான், ஆனால் கச்சானில் கிளை முறியும், ரோட்டோரம் வேண்டாம். தென்னை பற்றிக் கேட்ட தம்பி, தேங்காய் விழுகிற இடத்தில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்ட வேண்டாமே.

ரோட்டிலிருந்து எந்தப் பக்கம் நடுவது என்பதையும் யோசிக்க வேண்டும். எங்கள் ரோடு தெற்கு வடக்காகப் போகிறது. பிள்ளைகள் வீடு திரும்புவது நாலரை மணி வெயிலில், மேற்கே இருந்து அடிக்கும். ஆகவே மேற்குப் பக்கம் நெருக்கமாக, கிழக்கே கொஞ்சம் தள்ளித் தள்ளி.

செப்டம்பர் 7

கருவை எடுக்கும் வேலை தொடங்கிவிட்டது. வாங்கிய கன்றுகளுக்குக் கோடையில் தண்ணீர் ஊற்ற ஆள் போதாது என்பதால் பூவரசுக்குப் போத்து, அதாவது வெட்டிய கிளையை, நடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். ஐப்பசி முதல் மழைக்கு முன்னால் ஊன்ற வேண்டும், மார்கழிவரை மழை பார்த்துக்கொள்ளும், அதற்கு மேல் வாரம் ஒருமுறை குடம் தண்ணீர் போதும். போத்து மணிக்கட்டுப் பருமன், ஆள் உயரத்துக்கு மேல் இருக்க வேண்டும், ஆடு எட்டாது. அரியமான், பெருங்குளம், தாமரைக்குளம் பக்கம் பெரிய பூவரசு வைத்திருக்கிறவர்கள் கிளை கழிக்கும் முன் இங்கே ஒரு வரி எழுதுங்கள். நாங்களே வந்து வெட்டி எடுத்துக்கொள்கிறோம். முகவைவாசி தன் தோப்பிலிருந்து தருவதாக எழுதியிருக்கிறார். தம்பி, சனிக்கிழமை காலையில் வண்டி அனுப்புகிறோம், வீட்டில் இருங்கள்.